அட்மின்

வாளையாறில் ஒரு மாடியறை, வாடகைக்கு.
கீழே பஞ்சர் கடை, எதிரே லாரி வரிசை.
"ஒரு கால் கேரளம், மறு கால் தமிழ்நாடு"
என்று சொல்லி அட்வான்ஸைக் கூட்டினார்
வீட்டுக்காரர் சிவதாசன்.
மழை வந்தால் என் சிக்னல் மட்டும்
எங்கோ நடுவில் மாட்டிக்கொள்ளும்.

என் வேலை
வைரவேல் டயர் கம்பெனிக்காக
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு டிரைவர்களை
ஒரே குடும்பமாக்குவது.
நியமன உத்தரவில் அப்படித்தான் இருந்தது.
குடும்பம்.
மூன்று மாதம் புரொபேஷன்.

காலை ஆறரைக்கு வணக்கம் போடுவேன்,
ரோஜாப்பூவும் டயரும் சேர்ந்த படம்.
பதினோரு கும்பிடு வரும்,
எல்லாம் கட்டைவிரலின் பழக்கம்.
'டயரோடு ஒரு செல்ஃபி' என்று போட்டி வைத்தேன்.
பரிசு, பிளாஸ்க்.
வந்தவை மூன்று படங்கள்.
இரண்டில் வேறு கம்பெனி டயர்.
மூன்றாவதில் டயரே இல்லை,
மகள் காதுகுத்தில் பட்டுவேட்டியோடு மாரப்பன்.
பிளாஸ்க்கை அவருக்கே அனுப்பினேன்.

அவர்கள் பேசாதவர்கள் இல்லை.
நான் தூங்கிய பிறகு பேசினார்கள்.
கஞ்சிக்கோட்டில் எந்த பங்கில் குளிக்க விடுவான்,
எர்ணாகுளம் குடோனில் எத்தனை நாள் காத்திருப்பு,
ஷிஹாபுக்குப் பார்த்த பெண்ணுக்கு
ஷிஹாபைப் பிடித்திருக்கிறது, லாரியைப் பிடிக்கவில்லை.
தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில்,
மலையாளத்தில் திட்டினால் தமிழில் சிரிப்பு.
டயர் என்ற சொல்லைத் தேடினேன், காணோம்.
கோயம்புத்தூர் ஆபீஸில்
இதற்குப் பெயர் 'தொடர்பற்ற உரையாடல்'.
மாத அறிக்கையில் சிவப்பு நிறம்.

ஆவணியில் ஒரு ராத்திரி, இரண்டு பத்துக்கு,
ஒண்டிமுத்து ஒரு படம் போட்டார்.
நாமக்கல் முட்டை லோடு.
குதிரான் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம்
பின் டயர் கிழிந்து
வாழைப்பூ மடல்போல் விரிந்து கிடந்தது.
'வைர' ஒரு துண்டில், 'வேல்' மறு துண்டில்,
எழுத்து மட்டும் புதுசு மாதிரி.
"ஸ்டெப்னியும் போச்சுங்க" என்றது குரல்.

வடக்கஞ்சேரி தாண்டிய ஒருவர் வண்டியைத் திருப்பினார்.
ஆலத்தூரில் படுத்திருந்த ஷிஹாப் ஜாக்கியோடு வந்தார்.
ஸ்டெப்னி கொடுத்தவர் ஓட்டுவது
போட்டிக் கம்பெனி டயரில்.
எங்கள் குரூப்பில் எப்படிச் சேர்ந்தாரோ,
மூன்று வருஷமாய் இருக்கிறார்.
விடிந்தபோது இன்னொரு படம்.
ரோட்டோரம் ஏழு பேர், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்,
உடைந்த முட்டையெல்லாம் ஆம்லெட்,
கிழிந்த டயர்மேல் தட்டு.
அறுநூற்றுச் சொச்சம் பேர் பதில் போட்டார்கள்.

மேனேஜர் கிருபாகரன்
ஏழு மணிக்கு: படத்தை உடனே அழிக்கவும்.
ஒன்பதுக்கு: அழித்தாயிற்றா?
பதினொன்றுக்கு, எண்ணிக்கையைப் பார்த்தபின்:
அழிக்க வேண்டாம். டயரை மறைத்து,
மூலையில் லோகோ வைக்கவும்.
இரண்டையும் நான் செய்யவில்லை.
புது டயருக்கான கிளைம் படிவத்தை எடுத்து
ஒண்டிமுத்து பெயரில் நிரப்பினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'கிழிந்தது'.

இதே ஈடுபாட்டை அடுத்த மாதமும்
எப்படிக் கொண்டுவருவீர்கள் என்று கேட்டு
ஒரு காலிக் கட்டம் அனுப்பினார்கள்.
'இன்னொரு டயர் வெடிக்க வேண்டும்'
என்று எழுதி, அழித்து,
'ரோஜாப்பூ' என்று எழுதினேன்.

நேற்றிரவு தூக்கமில்லை.
பின்பக்கத் தோப்பில் வாழை முறியும் சத்தம்,
பிறகு வாட்சர்கள் போட்ட பட்டாசு
ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
கனத்த இருட்டு ஒன்று
ரோட்டைப் பார்த்து நடந்தது.
போனை எடுத்தேன். வணக்கமில்லை, லோகோ இல்லை.

"வாளையாறு பஞ்சர் கடைக்கு மேக்கால
ஆனை நிக்குது. ஒத்தை.
ஆரன் அடிக்காதீங்க, லைட்டக் கொறச்சுக்குங்க."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு தூரத்தில், ஒன்றன்பின் ஒன்றாய்
விளக்குகள் தணிந்தன.
பன்னிரண்டோ பதினைந்தோ, எண்ணவில்லை.

மாரப்பன் மட்டும் கேட்டிருந்தார்:
"அட்மினா இது? ஆளு முழிச்சிருக்கீங்களா?"

மழை பிடித்துக்கொண்டது.
நான் அனுப்பிய பதில்
போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.